கேள்வி கேட்காத வீடு

விழுப்புரத்தைப் பற்றி யாரும் பயணக் கட்டுரை எழுதி நான் படித்ததில்லை. எல்லோரும் அந்த ஊர் வழியாக வேறு எங்கோ போகிறவர்கள். ஜங்ஷனில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ரயில் ஏறிவிடுவார்கள். நானும் அம்மாவும் அங்கேயே தங்க இடம் தேடிப் போனோம். ஜூலை மாதம், சனிக்கிழமை. திங்கட்கிழமை எனக்கு எம்.எஸ்சி. வேதியியல் வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் ஓர் அறை கிடைத்தாக வேண்டும்.

காலை 6.10. எங்கள் ஊர் பிரம்மதேசத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. திண்டிவனம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா அன்றைய களை வெட்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பதால் வீட்டில் எந்த முடிவும் அவள் முடிவுதான். அறை கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் இல்லை என்று முந்தின வாரமே சொல்லிவிட்டாள். ஆய்வகம் முடிந்து நான் திண்டிவனம் வருவதற்குள் எங்கள் ஊருக்கான மாலை பஸ் போய்விடும். அடுத்தது எட்டே முக்காலுக்கு. அது ஊருக்குள் வராது; மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அரசு விடுதியில் இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று தெரியவில்லை.

காலை 7.40. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் முப்பத்தேழு கிலோமீட்டர், இருவருக்கும் அறுபது ரூபாய். அறை கிடைத்துவிடும் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. புது பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் ஒரு மக்கு, சுருட்டிய பாய் எல்லாம் கையோடு கொண்டு வந்திருந்தாள். பக்கெட்டை வழியில் வைக்காமல் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்ளும்படி கண்டக்டர் இரண்டு முறை சொன்னார். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, சுங்கச்சாவடி. வழியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் பார்த்தது பக்கெட்டைத்தான். அது சாய்ந்துகொண்டே இருந்தது.

காலை 9.00. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினோம், ஆளுக்கு இருபது ரூபாய். கல்லூரிப் பக்கம் வாடகைக்கு அறை பார்க்க வந்திருக்கிறோம் என்று அம்மா சொன்னதும் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார்.

“எம்மா, தப்பா நெனக்காதீங்க. நீங்க இன்னா ஆளுங்க? தெரிஞ்சிக்கினா, குடுக்கற எடமா பாத்து எறக்கி வுட்டுடுவேன். சும்மா அலைய வேணாம் பாருங்க.”

அந்த ஊரில் எங்களிடம் முதலில் கரிசனமாகப் பேசியவர் அவர்தான். அம்மா சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு எங்களைக் கல்லூரிச் சாலையிலேயே இறக்கிவிட்டார். குடுக்கற இடம் எது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

காலை 9.30 முதல் 12 வரை. சுற்றுலா போகிறவர்கள் கோயில்களை எண்ணுவார்கள். நாங்கள் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கிய கேட்டுகளை எண்ணினோம். அந்த ஒரு கேள்வியை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று விழுப்புரத்தில்தான் கற்றுக்கொண்டேன். முதல் வீட்டில், ஊரில் எந்தப் பக்கம் வீடு என்றார்கள். அடுத்த வீட்டில் குலசாமி எது என்றார்கள். படித்தவர் போலிருந்த ஒருவர் ஆதார் நகல் மட்டும் கேட்டார். முகவரியில் தெருவின் பெயரைப் படித்ததும், போன் செய்வதாகச் சொல்லிக் கும்பிட்டே அனுப்பிவைத்தார். என் எண்ணை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு புது நகரின் கடைசித் தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டு அம்மாள் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டாள். அம்மாவும் நேராகச் சொன்னாள். தனக்கு ஒன்றுமில்லை, மாமியாருக்குத்தான் ஒத்துக்காது என்றாள் அந்தம்மாள். எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. ஒரு இடத்திலாவது மாற்றிச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

“கேட்டா சொல்லிட வேண்டியதுதான? நாம இன்னா திருடிக்கினா வந்தோம்?” என்றாள்.

மதியம் 12.20. பச்சை கேட்டுக்கு அடுத்த வீட்டிலும் அட்டை தொங்கியது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கதவைத் திறந்தார். எங்களை உள்ளே உட்காரச் சொல்லி, ஃபேனைப் போட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். என்ன பாடம், எத்தனை மதிப்பெண், எத்தனை மணிக்கு வகுப்பு முடியும் என்று விசாரித்தார். மாடியில் ஒற்றை அறை, வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஊர் பெயரைக் கேட்டார், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாவி எடுக்க உள்ளே போனதும் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. படித்தவர்கள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஹாலில் ஒரு பழைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அம்மா எழுந்து போய் அதை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் பூரித்துக் கிடந்தது. சாவியை ஆசிரியை என் கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து சாமான்களை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மூன்று பேரும் கேட் வரை வந்தோம். அதற்கு மேல் அம்மாவால் அடக்க முடியவில்லை. அவள் பிறந்த ஊர் கண்டமங்கலத்துக்குப் பக்கம்; போட்டோவில் அந்த ஊர் ஆள் ஒருவரை அடையாளம் கண்டிருந்தாள்.

“அக்கா, போட்டோவுல மாப்ள பக்கத்துல நிக்கறது எங்க ஏழுமல மாமாதான? அப்ப நீங்க நம்ம ஆளுங்கதான். காலைலேர்ந்து நாயா அலஞ்சிக்கினு, கடசில நம்ம வூட்டுக்கே வந்து சேந்துட்டோம் பாருங்க.”

களத்துமேட்டில் பேசிப் பழகிய குரல் அது. பச்சை கேட் அம்மாள் அப்போது குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரியும்; அரை மணி நேரத்துக்கு முன்னால் அம்மாவே சொல்லியிருந்தாள்.

“இன்னா டீச்சர், சொந்தக்காரங்களா?” என்றாள் அவள்.

“இல்ல, இல்ல. ரூம் கேட்டு வந்தாங்க” என்றார் ஆசிரியை. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அந்த அறையை அவர் வீட்டுக்காரர் நேற்றே வேறு யாருக்கோ பேசிவிட்டார் என்றும் தான் மறந்துவிட்டதாகவும் சொன்னார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். கேட்டைச் சாத்தும்போது அம்மாவுக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னார்:

“பதினாறு வருசமா இந்தத் தெருவுல இருக்கறேம்மா.”

மதியம் 1.30. பேருந்து நிலைய ஓட்டலில் எலுமிச்சை சாதம், பொட்டலம் முப்பது ரூபாய். அம்மா பிரிக்கவேயில்லை. பதினாறு வருசம் என்று அவர் எதற்குச் சொன்னார் என்று கேட்டாள். தாங்களும் நம் ஆட்கள்தான் என்பதை அந்தத் தெருவுக்குச் சொல்லாமலே பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறார், பதிலுக்கு யாரும் தன்னைக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் நம்மையும் கேட்கவில்லை என்று விளக்கினேன். கொஞ்சம் உரக்கவே விளக்கினேன். அம்மா பக்கெட்டின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒனக்கு ரூம் கெடச்சிருக்கும்.”

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது உண்மை, எனக்கும் அப்போது ஆத்திரம். இன்று நினைத்தால் அந்த ஆசிரியையின் கதியும், எங்கள் கதியும், ஆட்டோக்காரரின் கரிசனமும் எல்லாம் ஒரே கசப்புதான்.

ஒரு வாரம் வீட்டிலிருந்தே போய் வந்தேன். கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று அம்மா ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தாள். தினமும் ராத்திரி பஸ் நிற்கும் இடத்துக்கு டார்ச்சோடு வந்து நின்றாள். அடுத்த சனிக்கிழமை நான் கிளம்பும்போது, தான் வரவில்லை, வந்தால் வாய் சும்மா இருக்காது என்றாள். பாயையும் பக்கெட்டையும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள்.

அன்று இரண்டாவது வீட்டிலேயே அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மாள் கேட்டாள். நானும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆதார் கார்டு ஊரில் இருக்கிறது என்று சொல்லிக் கல்லூரி ரசீதைக் காட்டினேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆசிரியை மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. அதில் பாதி இப்போது என் மேல் இருக்கிறது.

அறை வசதியானதுதான். கிழக்கே ஒரு ஜன்னல், நாள் முழுக்கத் தண்ணீர், கல்லூரிக்குப் பத்து நிமிட நடை. ஊரில் இப்படி ஒரு தனி அறை எனக்கு இருந்ததில்லை. ஊரில் யாரும் என்னை இன்ன ஆள் என்று கேட்டதும் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதிலேயே அங்கே எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அம்மா வேக வைத்த மல்லாட்டையும் கேப்பை மாவும் எடுத்துக்கொண்டு ஐம்பத்தேழு கிலோமீட்டர் வருகிறாள். பேருந்து நிலையத்தில் இறங்கி எனக்குப் போன் செய்கிறாள். நான் போய் வாங்கிக்கொள்கிறேன். இருவரும் ஒரு டீ குடிக்கிறோம். அடுத்த வண்டியில் ஏறி அவள் திரும்பிவிடுகிறாள். அறைக்கு வாம்மா என்று நான் இதுவரை கூப்பிட்டதில்லை. எந்தத் தெரு என்று அவளும் கேட்டதில்லை.