பூசையில் வைத்த கடித உறை

ஜெர்மனியில், ஹனோவரில், எங்கள் பக்கத்துக் கதவில் ஒரு ரஷ்யப் பெண் இருக்கிறார். கவிதையும் கதையும் எழுதுகிறவர். அவருடைய ஊரில் பெரிய பெயராம். போர் பிழை என்று எழுதினார். கடைகளில் இருந்த அவருடைய புத்தகங்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒரு பெட்டியோடு இங்கே வந்து, ரொட்டி சுடும் பாண் கடையில் வேலை செய்கிறார். பின்னேரங்களில் எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அவருக்கும் எனக்கும் இந்த நாட்டு மொழியான டொச் அரைகுறை என்பதால் அவரோடு மட்டும் வாய் வரும்.

"எனக்கு இப்போது இரண்டு வாசகர்கள்," என்றார் ஒருநாள். "ஒன்று அங்குள்ள பொலிஸ். மற்றது நீங்கள். உங்களுக்கு ரஷ்யமொழி தெரியாது."

ஒரு சிறிய பதிப்பகம் அவருடைய நாவலை டொச்சில் போடச் சம்மதித்திருந்தது. ஒப்பந்தம் தபாலில் வரவேண்டும். பத்து மாதமாக அதே பேச்சு.

அது வந்தபோது அவர் வேலையில். தபால்காரர் உறையை என்னிடம் தந்தார். அன்று சரஸ்வதி பூசை. வீட்டுப் புத்தகங்களுக்கு மேல் அதையும் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டேன். அவருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் நாங்கள் எடுப்பதில்லை.

பின்னேரம் வந்து கேட்டார்.

"இன்றைக்குக் கடவுளிடம் இருக்கிறது. நாளைக்குத் தருகிறேன்."

சிரித்தார். "சரி, முதலில் அவர் வாசிக்கட்டும்."

மறுநாள் காலையில் என் வாசலிலேயே பிரித்தார். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய தவணை முந்தின நாள், பூசையன்றோடு முடிந்திருந்தது. உடனே தொலைபேசி எடுத்தார். அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. அவர் உறையை மெதுவாக மடித்தது மட்டும் விளங்கியது.

மகள் என்னைத் தேற்றினாள். "பதிப்பகத்து ஆக்கள் கைவிட ஒரு சாட்டுத் தேடிக்கொண்டு இருந்திருக்கினம் அம்மா. ரஷ்யப் புத்தகம் இப்ப ஆர் வாங்கிறது? உங்கட பூசையால இல்லை."

ஓம், அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்தச் சாட்டுக்கு இடம் கொடுத்தது நான்.

அவர் ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த வருடப் பூசையன்று தானே வந்து, கையால் எழுதிய தடித்த கொப்பி ஒன்றை நீட்டினார்.

"இதையும் வையுங்கள்."

விஜயதசமி விடிந்ததும் முதல் வேலையாக அதைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். என்ன ஆனாலும் இந்த முறை பிந்தக்கூடாது.

கொப்பியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"அங்கேயே இருக்கட்டும். கடவுளுக்கு அவசரமில்லை."

ஏழு மாதமாகிறது. சரஸ்வதி படத்துக்கு முன்னால்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தூசு தட்டுவேன். சுவருக்கு அப்பால் வாசிக்கும் சத்தம் இல்லை. படியில் கண்டால் வணக்கம் சொல்கிறார். எழுதுகிறீர்களா என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.