ஆலங்கட்டி போன வழியில் காதர் பாய்

எடப்பாடிப் பக்கம் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் அடித்த மறுநாள் காலை, நம் வாட்ஸ்அப் மழைக்குழுவில் எல்லோரும் காதர் பாய் அனுப்பும் சேதப் படங்களுக்காகக் காத்திருந்தோம். பத்து மணிவாக்கில் அவர் எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியது அவர் மகன். சேதம் பார்க்கப் போன வாழைத்தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நான், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

உங்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. எடப்பாடியில் கூரைத் தகரம் விற்கும் கடை வைத்திருந்தார். ஓமலூர்ப் பள்ளியில் புவியியல் நடத்தும் எனக்குக் கோடை இடிமழை கரும்பலகையில் வரைகிற மேகம். அவருக்கோ, எந்த ஊரில் நுழைந்து எந்த ஊரில் அடங்கியது என்று போய்ப் பார்த்தே தீரவேண்டிய ஒன்று. மரம் எந்தத் திசையில் சாய்ந்தது என்று குறித்துக்கொள்வார். ஆலங்கட்டி இத்தனை பெரிது என்று யாராவது கையை விரித்தால், "சுண்டக்காயா, நெல்லிக்காயா, எலுமிச்சம்பழமா? யோசிச்சுச் சொல்லுங்க" என்பார்.

ஒருமுறை ஓமலூருக்கு மேற்கே ஒரு சிற்றூருக்கு இருவரும் போயிருந்தோம். கூரை இழந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "ஊடு பறந்தா உங்களுக்கு யாவாரந்தானுங்க பாய்" என்றார். காதர் பாய் சுவரோரம் கிடந்த தகரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவராகவே சொன்னார். பல வருடங்களுக்கு முன் தறி ஓட்டும் ஒருவர் அவர் கடையில் தகரம் வாங்கினார். காற்றுக்கு நிற்குமா என்று கேட்டாராம். தகரத்தைக் கூரைச் சட்டத்தோடு கொக்கி போட்டு முடுக்கச் சொல்லாமல், மேலே நாலு கல்லைத் தூக்கி வைத்தால் போதும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சித்திரையில் அடித்த காற்றில் தகரம் எழும்பி, கல் சரிந்து, உள்ளே படுத்திருந்த அந்தத் தறிக்காரரின் மனைவி பழனியம்மாளின் தலையில் விழுந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்குப் போன இடத்தில் கல் வைக்கச் சொன்னது தன் தப்பு என்று காதர் பாய் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. "ஊரே கல்லுத்தானுங்க வெச்சிருக்குது. நீங்க சொல்லாட்டியும் வெச்சிருப்பேன்" என்றாராம்.

"அவரு திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேனுங்க டீச்சர்" என்றார் காதர் பாய்.

அதன்பிறகு கொக்கி இல்லாமல் அவர் யாருக்கும் தகரம் கொடுக்கவில்லை. வேறு கடைக்குப் போனவர்கள் போனார்கள். ஒவ்வொரு கோடையிலும் காற்று போன வழியே அவர் போனதற்குக் காரணமும் அதுதான். "பக்கத்து ஊருல இன்னார் ஊடு போச்சுன்னு பேரைச் சொன்னாத்தானுங்க, இந்த ஊருக்காரங்க கல்ல எறக்குவாங்க" என்பார். எல்லோரும் இறக்கவில்லை. இரண்டு முறை போய்ச் சொல்லியும் கேட்காத ஒரு வீட்டில், போன கோடையில் ஒரு பெரியவரின் கால் நசுங்கியது. அன்று குழுவுக்கு அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஏனென்று நம்மில் யாரும் கேட்கவுமில்லை.

அவர் போன பதினைந்தாம் நாள் எங்கள் பக்கம் காற்று அடித்தது. மறுநாள் நான் தனியாகப் போனேன். மாமரங்களுக்கு நடுவே ஒரு வீடு வானம் பார்த்துக் கிடந்தது. வாசலில் நெற்றியில் கட்டுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எந்த வீட்டு வாசலிலும் காதர் பாய் முதலில் கேட்கும் கேள்வி கூரையைப் பற்றியதாக இருக்காது. காற்று அடித்தபோது வீட்டில் யார் இருந்தீர்கள் என்றுதான் கேட்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டேன்.

அந்தப் பெண் நிமிர்ந்தார்.

"நான் மட்டுந்தானுங்க இருந்தேன். காலைல இருந்து வந்தவங்க எல்லாம் தகரம் எத்தனை போச்சுன்னுதானுங்க கேட்டாங்க" என்றார். பிறகு நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார்.