ஒன்றைக் கழிக்கவும்

கதை விடுகிறான் என்றுதான் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆறு டியூப்லைட் எரிகிற ஆபீசில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால் எனக்கும் காட்டுங்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எம்பி3 பிளேயரைக் கம்ப்யூட்டரில் செருகினால், உள்ளே இருக்கும் பாட்டுகளை எண்ணிப் பட்டியல் போட ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமே, அதைப் பழுது பார்ப்பவன் நான். இந்தக் காலத்தில் யார் பிளேயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். அதனால்தான் அந்த மாடியில் நான் ஒருவன் மட்டும். மற்ற மேசைகளெல்லாம் காலி. வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் குரல் மிச்சம் இருந்தது என் பழைய பிளேயரில்தான். அதில் மைக் உண்டு. ஒன்பது பதிவுகள். மளிகை லிஸ்ட், மாத்திரை போடச் சொல்லி மிரட்டல், துணி மடித்துக்கொண்டே ஒரு முணுமுணுப்பு. ஒன்பதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கதவைத் தட்டுவாள். நான் "யாரு?" என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வராது. "பூதம்" என்பாள். தினமும் அதேதான். அது மட்டும் பதிவில் இல்லை. தினமும் கேட்பதை யார் பதிவு செய்து வைப்பார்கள்?

அந்த வாரம் நான் ஒரு தப்பு செய்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைக் கண்ணாடிக்காரர் என்போம். அவர் எழுதிய ப்ரோகிராமில், பாட்டுகளை எண்ணி முடிக்கும் இடத்தில், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்கிற வரி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'ஒன்றைக் கழிக்கவும். இந்த வரியை எடுக்க வேண்டாம்.' காரணம் எழுதவில்லை. ப்ரோகிராம் எழுதுகிற நாங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி. ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும் எங்களுக்குச் சளி பிடிக்கிற மாதிரி. ஏதோ பழைய ஒட்டுவேலை என்று எடுத்து எறிந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு பேர் புகார் எழுதிவிட்டார்கள். எல்லாம் ஒரே புகார். என்னிடம் இருப்பது 214 பாட்டு, உங்கள் சாஃப்ட்வேர் 215 என்கிறது...

ஞாயிறு. மதியம் 2.40. சோதித்துப் பார்க்கக் கையில் வேறு பிளேயர் இல்லை. என்னுடையதைச் செருகினேன்.

பத்து என்றது.

பட்டியலில் முதல் வரிசைக்கு மேலே இன்னொரு வரிசை. எண் 0. பெயர் இல்லை.

என் மனசு எங்கே ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்காமல் விட்ட பதிவு ஒன்று இருக்கிறதோ? அவள் எனக்காகப் பேசி வைத்தது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழுத்தினேன்.

முதலில் இரைச்சல். பிறகு கீபோர்டு தட்டும் சத்தம். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ இரண்டு தரம் இருமினார்கள். தூரத்தில் டெலிபோன்... மூன்று தரம் அடித்து நின்றது.

நிறுத்தினேன். மணி 2.44.

தொண்டை கரகரத்தது. இருமினேன். இரண்டு தரம்.

மாடியின் கோடியில், யாரும் இல்லாத மேசையில், டெலிபோன் அடித்தது. மூன்று தரம்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அவள் குரல் வருமோ என்ற நப்பாசை. விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுத்தினேன்.

செருப்புச் சத்தம். சரக்... சரக்...

பிறகு என் குரல். "யாரு?"

பதில் வந்தது. "நான்தான்."

அவள் குரல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். 2.47.

சரக்...

வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். கேட்டால்தானே பதில் வரும். கேட்க மாட்டேன்.

சரக்... சரக்...

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

நான் கேட்கவில்லை.

"நான்தான்."

அத்தனை ஆசையும் கோபமாகிவிட்டது. திரும்பிப் பார்க்காமலே கத்தினேன்.

"நீ அவ இல்ல! அவளா இருந்தா பூதம்னு சொல்லுவா!"

பிறகு மெதுவாக, குறித்துக்கொள்கிற மாதிரி...

"ம்."

கழிக்கிற வரியை எப்படித் திரும்ப எழுதினேன் என்று தெரியாது. 2.58க்குப் பட்டியலில் ஒன்பதுதான் இருந்தது. பின்னால் யாரும் இல்லை. பிளேயரை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன்.

திங்கட்கிழமை காலை 10.15. கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த வரிய எடுத்துட்டேன்."

"திரும்பப் போட்டியா?"

"போட்டுட்டேன் சார். போயிடுச்சு."

"போகாது தம்பி. எண்ணிக்கையில தெரியாது, அவ்வளவுதான்." குரலைத் தாழ்த்தினார். "அதுகிட்ட ஏதாவது பேசினியா?"

"கத்துனேன் சார்."

"தப்பா சொல்லுச்சுன்னு திருத்தினியா?"

"நீங்க திருத்துனீங்களா சார்?"

"ஒரே ஒரு வார்த்தைதான். அப்புறம் தப்பே வர்றதில்ல."

அவருக்குப் பின்னால் வயதான ஒரு பெண் குரல் கேட்டது. "யாருடா போன்ல? சாப்பாடு ஆறுது பாரு."

"இதோ வர்றேம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் அம்மா செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபீஸ் சார்பில் மலர்வளையம் வாங்கிக்கொண்டு போனவனே நான். அதற்கப்புறம்தான் அவர் வேலையை விட்டார். கூடப்பிறந்தவர்கள் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. இப்போது அந்த வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

அன்று மாலை 6.40. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டேன். பிளேயரை மேசைமேல் வைத்தேன்.

கதவு தட்டும் சத்தம்.

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது.

"யாரு?"

"பூதம்."

அதே சிரிப்போடு.

கதவைத் திறந்தேனா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? பதினான்கு மாதம் ஒரு வீட்டில் தனியாக இருந்துவிட்டு வந்து கேளுங்கள்.