கதவைச் சுமந்து நடந்த காவலன்

கல்யாணமான முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் ராஜபாளையத்திலிருந்து பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஓர் அறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே பாய் விரித்து நாலு பேர் விளையாட உட்காருவோம். நாலாவது ஆள் எங்கள் தெருக்காரர், மில் எலெக்ட்ரீஷியன். பகடை சரியாக விழாவிட்டால் அதைத் தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் திட்டுவார். வேறு எதற்கும் எங்கள் முன்னால் தெலுங்கு பேச மாட்டார்.

பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான் விளையாட்டு. நண்பன் கதை சொல்வான். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்போம். இன்னது செய்கிறேன் என்று நாங்கள் சொன்னால், அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். இணையத்தில் கிடைத்த விதிகளோடு தன்னுடையதையும் சேர்த்து, தமிழில் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்தான். வரைபடமும் அவனே போட்டது. அதில் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்புக் காடு அப்படியே இருந்தது, யானைகளுக்குப் பதிலாக அரக்கர்கள். அய்யனார் கோவில் அருவிக்குப் பின்னால் யாரும் பார்க்காத ஒரு குகை வைத்திருந்தான்.

எலெக்ட்ரீஷியனுக்குத் திருடன் பாத்திரம். மனைவி அப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். விளையாட்டிலும் வைத்தியர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் காவலன். காவலனுக்கு நண்பன் எழுதியிருந்த சக்தி ஒரே வரி: காவலன் ஒரு கதவின் முன் நின்றால், அவன் சம்மதமில்லாமல் யாரும் அதைத் தாண்ட முடியாது.

நான் வேலை பார்த்தது பேண்டேஜ் துணி கம்பெனியில், டெஸ்பாட்ச் பிரிவில். ஆர்டர் தாள்களில் என்ன எழுதவில்லை என்று பார்ப்பதே என் பிழைப்பு. அந்த வரியையும் அப்படித்தான் படித்தேன். காட்டு ஓரத்தில் பாழடைந்த ஒரு செக்போஸ்ட் வந்தபோது, கதவு இருக்கிறதா என்று நண்பனைக் கேட்டேன். இருக்கிறது என்றான். கழற்ற முடியுமா? முடியும். தூக்க முடியுமா? பகடையை உருட்டினேன், பதினெட்டு விழுந்தது. கதவு சுவரில்தான் இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

அன்றிலிருந்து என் காவலன் கதவை முதுகில் சுமந்துகொண்டு நடந்தான். மலைப்பாதையில் எதிரி வந்தால் கதவைக் குறுக்கே நிறுத்தி முன்னால் நிற்பான். அரக்கன் வந்தான், நின்றான், திரும்பிப் போனான். முதல் ஞாயிறு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எலெக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கள்கிழமை கம்பெனியில் பெட்டிகளை எண்ணும்போதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து மனைவி சொன்னாள், "அடுத்த வாரம் நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

ஏன் என்று கேட்டேன்.

"ஆறு வாரமா ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கேன்?"

விதியில் இருப்பதைத்தானே செய்கிறேன் என்றேன்.   எனக்குக் கோபம்தான்.

மறு ஞாயிறு தனியாகப் போனேன். எலெக்ட்ரீஷியன் இன்னும் வந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டில் ரம்ஜான் நோன்பு. நண்பனின் அம்மா எனக்கு மட்டும் டீ கொடுத்தனுப்பியிருந்தார். அவன் கீழே ஒரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போன நேரத்தில், பாயில் கிடந்த அவன் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு வாரமும் பத்துப் பதினைந்து பக்கம் எழுதியிருந்தான். அரக்கர் தலைவனின் பிள்ளைக்குக் காய்ச்சல், அதற்கு வைத்தியரைத் தேடி அவன் மலையிறங்கி வருகிறான் என்று ஒரு முழுக் கதை. அவன்தான் மூன்றாவது வாரம் கதவைப் பார்த்துத் திரும்பிப் போனவன். அந்தப் பக்கங்களின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தான்.

மேலே வந்தவனிடம், இந்த ஓட்டை உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"நீ கதவு இருக்கான்னு கேட்டப்பவே தெரியும்லே. ஒரு வரி சேர்த்து எழுதி அடைச்சிருப்பேன். நீ அம்புட்டு சந்தோசமா இருந்த. பொறவு எப்படி அடைக்க?"

வீட்டுக்கு வந்து, நோட்டில் பார்த்ததை மனைவியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அடுத்த வாரம் அவளும் கிளம்பினாள்.

அன்று ஆட்டம் தொடங்கியதும், கதவை ஆற்றில் போட்டுத் தெப்பமாக்கி அக்கரை போவோம் என்றேன். கரையேறியதும் அதை வெள்ளத்தோடு விட்டுவிட்டேன். நண்பன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தான். கால் மணி நேரத்தில் என் தோளில் அம்பு பாய்ந்தது. பாறையிலிருந்து விழுந்து காலும் முறிந்தது. மனைவி மருந்து போட மூன்று முறை உருட்டினாள். மூன்றும் வீண்; மூன்று தப்பினால் ஆள் செத்தான் என்றுதான் அதுவரை விளையாடியிருந்தோம். வெறும் காகிதத்தில் இருக்கும் ஆள்தான், ஆனாலும் நான் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் அதுவரை விதிப்புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அன்று கேட்டு வாங்கினாள். மருந்துச்சீட்டு படிப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். 

"அண்ணே, ஒரு காயத்துக்கு மூணு தடவைன்னுதான் போட்டிருக்கு. இவுகளுக்கு ரெண்டு காயம்."

நண்பன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பகடையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். ஐந்தாவது தடவை பத்தொன்பது விழுந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் விளையாடினோம். அரக்கர் தலைவன் மறுபடி வந்தான், அந்தப் பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டது. என் காவலன் இரண்டு முறை செத்துப் பிழைத்தான். குகைக்கு மட்டும் நாங்கள் போகவே இல்லை. அதற்குள் நண்பனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இதுதான் கடைசி ஆட்டம் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றுதான் பிரிந்தோம்.

போன பொங்கலுக்கு வீடியோ காலில் நாலு பேரும் சேர்ந்து விளையாட முயன்று பார்த்தோம். எலெக்ட்ரீஷியனின் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். எங்கள் மகனின் பள்ளியைப் பற்றியும், மஸ்கட் வெயிலைப் பற்றியும், நண்பனின் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததைப் பற்றியும் பேசினோம். யாரும் பகடையை உருட்டவில்லை. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.