பூஜையில் இருந்த போன்

ஒன்பது பேரின் பிழைப்பு என்னால் போகப்போகிறது என்று நடுங்கிய வாரம் அது.

சென்னையில் பத்திரிகை வேலை பார்த்தவள் நான். ஆய்வுக்காக ஆக்லாந்து வந்து, பென்ரோஸ் பகுதிக் கிடங்குகளில் வேலை செய்யும் ஒன்பது தமிழர்களைப் பேட்டி எடுத்தேன். பெயர் வெளியே போனால் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். அதனால் என் குறிப்புகளில் எண்கள் மட்டுமே. எந்த எண் யார் என்ற பட்டியல் ஒரே தாளில், அவர்களை அறிமுகப்படுத்திய, ஈழத் தமிழரான சிவநேசன் அண்ணாவிடம் இருந்தது.

திங்கட்கிழமை, நான் திறக்காத மெசேஜ்கள் படிக்கப்பட்டிருந்தன. செவ்வாய், அண்ணாவுக்கு மெசேஜ் எழுதும் இடத்தில் நான் எழுதாத அரை வரி: "அண்ணா, அந்தத்". அழித்தேன். மறுநாள் மறுபடி இருந்தது. அண்ணாவிடம் சொன்னால் பேட்டிகள் நின்றுவிடும் என்று மறைத்தேன். அது என் தவறு. "சரஸ்வதித் தாயே, அந்த ஒன்பது பேரை நீ பார்த்துக்கொள்" என்று அழுதேன்.

வியாழன் சரஸ்வதி பூஜை. எப்சம் பகுதியில் நான் தங்கியிருந்த வசந்தா அக்கா வீட்டில், லேப்டாப்பையும் போனையும் அணைத்து, குங்குமம் வைத்து, விளக்கின் முன் வைத்தோம். மறுநாள் காலை வரை தொடமாட்டேன் என்று அண்ணாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

பிற்பகல் அக்காவின் போனில் அவர் அழைத்தார்.

"என்ன தங்கச்சி, சரஸ்வதிக்கே பொய் சொல்லுறியளோ? தொடமாட்டன் எண்டிட்டு மெசேஜ் போடுறியள்."

"இல்லண்ணா, போன் விளக்கு முன்னாடி இருக்கு. நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

அவர் சிரிப்பு நின்றது. வாசித்தார்: "வணக்கம் அண்ணா, சாப்பிட்டாச்சா? அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்க."

நான் எப்போதும் அப்படித்தான் தொடங்குவேன்.

"படம் எடுக்கத் தாளை விரிச்சிட்டன் பிள்ளை. பூஜை ஞாபகம் வந்துதான் நிப்பாட்டினனான். இந்தா, இன்னொண்டு வருது, 'சீக்கிரம் அண்ணா' எண்டு. அப்ப, என்னோட கதைக்கிறது ஆர்?"

போனைப் பார்த்தேன். திரை கறுப்பு. குங்குமம் கலையவில்லை.

விஜயதசமி காலை போனைத் திறந்து, என் கணக்கு வேறெங்கே திறந்திருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடித்தேன். நகர மையத்தில் அச்செடுக்கப் போன கடையின் கணினியில் என் மெசேஜ் கணக்கைத் திறந்து, மூடாமல் வந்திருந்தேன். எல்லா இணைப்புகளையும் துண்டித்தேன், கடவுச்சொற்களை மாற்றினேன், ஒன்பது பேரிடமும் உண்மையைச் சொன்னேன். அங்கிருந்து என் பெயரில் எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது.

ஒன்பது பேரும் வேலையில் இருக்கிறார்கள். இப்போது நான் பொதுக் கணினியைத் தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் அன்றே சொல்லிவிடுகிறேன். நீங்களும் பயத்தை மூடி வைக்காதீர்கள். அந்தத் தாயிடம் சொல்லுங்கள், மனிதர்களிடமும் சொல்லுங்கள். அன்று ஒரு நாள் போனைத் தொடவிடாமல் என்னை அவள் மௌனமாக வைத்திருந்தாள். அதனால்தான் என் பெயரில் பேசிய அந்த இன்னொரு குரல் தனியாகக் கேட்டது.