தேனிக்காரி நெற்றியில் நான் பார்த்த எண்ணெய்க் கறை

இரண்டு வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில், முதலிபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் நடந்தது இது. எனக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டை மேஜையில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அதன் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இதே வேலைதான். என் கண்ணுக்கு ஒரு பீஸ் தப்பாது என்று கம்பெனியில் பேர். என் வாய்க்கும் ஒரு பேர் உண்டு, அதை விடுங்கள்.

என் மேஜைக்கு எதிரே ஓவர்லாக் மெஷினில் ஒரு பெண் தைப்பாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் தேனிக்காரி. எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். நான் திருப்பி அனுப்பும் பீஸைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை அவள்.

அன்று வெள்ளை டி-ஷர்ட் ஆர்டர். சாயங்காலம் லாரி ஏற்றியாக வேண்டும். காலையிலிருந்தே என் மேஜைக்கு வந்ததெல்லாம் அவள் தைத்த பீஸ், எல்லாவற்றிலும் கறுப்பாக ஒரு பொட்டு. மெஷின் எண்ணெயைத் துடைக்காமல் தைக்கிறாள் என்று நினைத்து ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டித் தள்ளினேன். போதாததற்கு இடது பக்கம் இருந்த டியூப்லைட் வேறு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாத்தானுங்க எரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் தேனிக்காரி ஒரு கட்டுப் பீஸைக் கொண்டுவந்து என் மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"என்னக்கா விளையாடுறீங்களா? இதுல எங்கிட்டு இருக்கு கறை?"

"ஏம்புள்ள, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? இதா பாரு."

விரலை வைத்துக் காட்டினேன். விரலை எடுத்தால் பொட்டு அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி இருந்தது. அங்கே விரலை வைத்தால் அது இன்னும் தள்ளிப் போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் நெற்றியிலும் பெரிதாக ஒன்று!

"பாரு, மூஞ்சியிலயே எண்ணெயை அப்பிக்கிட்டு வந்து நிக்கிற. நியாயம் பேச வந்துட்டா!"

அவள் நெற்றியைத் தேய்த்துக் கையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தச் செவுத்தைப் பாருங்க. அங்கயும் இருக்கா?"

சுவரிலும் இருந்தது. ஒன்றல்ல, கொசு பறப்பதுபோல ஏழெட்டு. "ஒடம்புச் சூடாட்ட இருக்குது, ராத்திரி வெளக்கெண்ணெய் வெச்சா சரியாப் போயிரும்" என்று முனகினேன்.

"எங்கப்பாவும் இதையேதான்க்கா சொன்னாரு. வெளக்கெண்ணெய வெச்சுக்கிட்டே இருந்தாரு, ஒத்தக் கண்ணு போயிருச்சு. எந்திரிங்க, வெரசா."

லாரி போன பிறகு போகலாமே என்றார் சூப்பர்வைசர். "அப்ப எம் மெஷினையும் நீங்களே ஓட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் கைப்பையை எடுத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வெள்ளகோவிலில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. அரை மணி நேரம் முன்பு வரை என்னோடு மல்லுக்கு நின்றவள், குழி வந்தால் காலை ஊன்றி ஊன்றி ஸ்கூட்டரை உருட்டாத குறையாக என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். இடது கண்ணின் விழித்திரையில் சின்னக் கிழிசலாம். கறுப்புப் பொட்டுகளும் நான் டியூப்லைட் என்று நினைத்த மின்னலும் அதனால்தானாம். "நல்லவேளை இன்னைக்கே வந்தீங்கம்மா. கிழிசல் வழியா தண்ணி இறங்கியிருந்தா திரையே கழண்டிருக்கும். சுத்தி லேசர் வெச்சு ஒட்டிடலாம்" என்றார்.

"ஓட்டை பெருசாகாம சுத்தித் தையல் போடுற மாதிரிங்களா சார்?" என்று கேட்டாள் தேனிக்காரி. டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போய்விட்டால் ஒரு செக்கருக்கு வேறு என்ன இருக்கிறது? அந்தக் கண்ணை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் சோறு தின்றேன், சண்டையும் போட்டேன்.

கண்ணை மரத்துப்போக வைத்து, தாடையை மெஷினில் வைக்கச் சொன்னார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. நடுநடுவே உள்ளே சுருக்கென்றது. அசையக் கூடாது. பின்னால் நின்றிருந்த தேனிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் பிடித்த பிடியில் அவள் மோதிரம் அவள் விரலிலேயே பதிந்துவிட்டது, பிறகுதான் காட்டினாள்.

மின்னல் அதிகமானாலோ ஓரத்தில் திரை விழுந்ததுபோல இருட்டினாலோ உடனே வரவேண்டும், கிழிசல் ஒட்டிப் பிடிக்கும்வரை பாரம் தூக்கக் கூடாது, குலுங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பொட்டு உடனே போகாது, மெல்ல மெல்லத்தான் மங்கும் என்றார்கள்.

வீட்டுக்காரர் பதறியடித்து வந்து சேர்ந்தார். அதன்பிறகு என்னை அந்த மனுஷன் ஒரு துரும்பையும் எடுக்க விடவில்லை. "நீ குனியாத புள்ள, நான் பாத்துக்கறன்" என்று வாசலில் கோலம்கூட அவரே போட்டார். அதைப் பார்த்தபோது கண்ணில் இன்னும் கோளாறு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகமே வந்தது. தினமும் காலையில் நான் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ள, ஓரம் இருட்டுகிறதா என்று பார்க்க அவர் பக்கவாட்டில் நின்று விரலைக் காட்டுவார். சாயங்காலம் தேனிக்காரி வருவாள். "மின்னல் கொறைஞ்சுச்சாக்கா?" என்பதுதான் வந்ததும் முதல் கேள்வி. குறைந்துகொண்டேதான் வந்தது. பொட்டுகளும் பழகிப்போயின.

டாக்டர் சரி என்றதும் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் இரக்கப்பட்டு நேவி புளூ பீஸைத் தந்தார். கறுத்த துணியில் என் பொட்டு தெரியாதே. "வெள்ளையே குடுங்க" என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். கண்ணோடு ஓடினால் அது என் பொட்டு, துணியோடு வந்தால்தான் கறை. ஒவ்வொரு பீஸையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். மதியம்வரை ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்ட தைரியம் வரவில்லை. இனி நான் இந்த வேலைக்கு ஆக மாட்டேன் என்றே தோன்றிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பீஸ். தோள்பட்டைத் தையல் ஓரம் கடுகளவு கறுப்பு. கண்ணை இப்படி அப்படி ஓட்டினேன், அது நகரவில்லை. துணியை இழுத்தேன், கூடவே வந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்த்தேன். அப்போதும் அங்கேயே இருந்தது. "ஏம்புள்ள, இங்க வா!" என்று கத்தினேன்.

என்னவோ ஏதோ என்று பயந்துபோய் ஓடி வந்தாள். பீஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"அய்யோ அக்கா! நெசமாவே கறைக்கா! எம் மெஷின் எண்ணெதான்க்கா!"

அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தையல் லைனே மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "திட்டுங்கக்கா, எப்பவும்போலத் திட்டுங்க" என்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். எங்கே, அழுகைதான் வந்தது.

இப்போதும் வெள்ளைத் துணியை விரித்தால் என் கண்ணில் ஒரு சின்னப் பொட்டு உலாத்துகிறது. போகட்டும், இருந்துவிட்டே போகட்டும். தன் தையலில் கறை கிடைத்ததற்காகச் சந்தோஷப்பட்டு அழுத ஒருத்தி எதிர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அதுதான் தினமும் எனக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.