ஆறுமுகம் தம்பியின் பஸ்ஸில் பாஸான பாட்டு

என் மூத்த பேரன் சரவணன் பினாங்கில் என்ஜினியர். அடுத்தவள் கீதா பல் டாக்டர். பங்சாரில் ஒரு கிளினிக்கில் இருக்கிறாள், சீனர்களும் மலாய்க்காரர்களும் அவள் கைதான் வேண்டும் என்று காத்திருந்து பல் காட்டுகிறார்கள். அவளுக்கு அடுத்தவள் மேகலா, பாடகி. தனியாகத் தன் பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டுவிட்டாள். கடைக்குட்டி லாவண்யா ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டுதான் படிக்கிறாள், அதற்குள் கதை சொல்லும் போட்டியில் வெற்றிக் கிண்ணம் வாங்கிவிட்டாள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பெருமையில் ஒரு பங்கு இன்னொருவருக்குப் போக வேண்டும். நான்கு பேரும் ஆறுமுகம் தம்பியின் மஞ்சள் பள்ளி பஸ்ஸில் ஏறி இறங்கித்தான் படித்தார்கள்.

போன திங்கட்கிழமை காலை லாவண்யா பையை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றாள். பஸ் வரவில்லை. மழை பெய்தாலும் காப்பார் சாலை நெரிசலில் அடைத்துக்கொண்டாலும் வந்துவிடுகிற பஸ். "பாட்டி, அங்கிள் என்னை மறந்துட்டாரா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பஸ் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவர் மகள் வள்ளியின் குரல் வந்தது. "அப்பா எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு. பிள்ளைங்கள இன்னைக்கு நீங்களே கொண்டு போய் விட்டுருங்க." அப்பா போன நேரத்திலும் மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். அப்பன் பிள்ளை.

அன்றிலிருந்து குழுவில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று எழுதுகிறீர்கள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படியுங்கள்.

அந்த பஸ்ஸின் சட்டம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். புதுப் பாட்டு எது வந்தாலும் தம்பி அதை மதியம் ஒரு மணி டிரிப்பில்தான் போடுவார். பிள்ளைகள் பசியோடு இருக்கிற நேரம், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, தண்ணீர் போத்தலால் அடி, பஸ்ஸே சந்தைக்கடை. அந்தச் சத்தத்தில் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பார். பேச்சு நின்றால் பாட்டு பாஸ். நிற்காவிட்டால் பெயில். ஊரே ஆடிய ஒரு சினிமாப் பாட்டை அவர் பெயிலாக்கியதில் பெரிய வகுப்புப் பையன்களுக்கு அவர் மேல் கோபம். "காலையில சாப்பிட்டவன் எந்தப் பாட்டையும் கேப்பான்லா. பசிச்சவன் கேக்கணும், அதான் பாட்டு" என்பார்.

மேகலா, புவனா, ஜெசிந்தா மூன்று பேரும் ஒன்றாம் ஆண்டிலிருந்து பள்ளி முடிக்கிற ஐந்தாம் படிவம் வரை முன் வரிசையில் அவர் பக்கத்தில் இருந்தவர்கள். பழைய பஸ், என்ஜின் உள்ளேயே டிரைவர் பக்கத்தில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். அந்த மூடியின் சூட்டில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் ரேடியோவை மிஞ்சிப் பாடுவார்கள். ஒரு நாள் தம்பி ரேடியோவை நிறுத்திவிட்டார். "அது பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க பாடுங்க" என்றாராம். பிறகு அவர்கள் குழுவாகப் பாடி, கல்யாண மண்டபம், டிவி என்று பெயர் எடுத்தபோது, அவர்களின் போஸ்டரை பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒட்டினார். கண்ணாடியை மறைக்கக் கூடாது என்று போக்குவரத்து அதிகாரி சொன்னதும் கழற்றி உள்ளே கூரையில் ஒட்டிவிட்டார். "இப்பத்தான் நல்லா இருக்கு, மழையில நனையாது" என்று அந்த அதிகாரிக்கே நன்றி சொன்னாராம்.

அப்படிப்பட்ட மனிதர், மேகலாவின் ஆல்பத்தை மட்டும் போடமாட்டேன் என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. நானே அழைப்பு கொடுத்தேன். வரவில்லை. மறுநாள் காலை கேட்டில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, பெரிய ஆளாயிட்டீங்களோ? பிள்ள விழாவுக்கு வர நேரமில்ல?"

"மூணு பேரா பாடுனாங்க அக்கா. இப்ப ஒத்தையா வந்து நிக்குது. சண்ட போட்டுப் பிரிஞ்ச பாட்ட நான் எப்படி அந்த பஸ்ல போடுவேன்? மூணும் சேர்ந்து வந்து கேக்கட்டும், போடுறேன்."

"யாரு சொன்னா சண்டைன்னு?"

"நம்ம கிள்ளான்ல எல்லாரும்தான் சொல்றாங்க."

"உன் பஸ்ஸுதான் என் பேத்தி பாட்டுக்கு லைசன்ஸ் குடுக்குதா?"

"ஆமா அக்கா. வேற யாரு குடுக்குறா?"

கோபத்தில் காலையில் அவருக்குக் கொடுக்கிற தோசைப் பொட்டலத்தை நிறுத்தினேன். லாவண்யா தன் பங்கில் பாதியை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

எனக்குக் கோபம், மேகலாவுக்கு வருத்தம். சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பாராட்டி எழுதினார்கள். எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டுவாள். முடிவில் கேட்பது ஒன்றுதான்: "பஸ் அங்கிள் கேட்டாரா பாட்டி?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "பஸ்ஸுல ஸ்பீக்கர் ரிப்பேரும்மா" என்பேன். அவள் நம்பவில்லை. அடுத்து எதுவும் பாடப்போவதாகவும் பேசவில்லை.

லாவண்யாவின் ரிப்போர்ட் கார்டு வாங்கப் பள்ளிக்குப் போன நாளில், திரும்பும்போது நானும் அந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். அவரோடு பேசக் கூடாது என்று முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். பள்ளி கேட்டைத் தாண்டியதும் லாவண்யா ஆரம்பித்தாள்: "மே-க-லா அக்கா பாட்டு!" மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சீட்டைத் தட்டுகிறார்கள், காலால் தரையை உதைக்கிறார்கள். தம்பி என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

"சரி. ஆனா முதல்ல இருந்துதான் போடுவேன். ஆல்பம்னா ரூட்டு மாதிரி. ஒரு ஸ்டாப்பையும் விடக் கூடாது" என்று சொல்லித் தம் போனில் பாட்டைத் தட்டினார்.

முதல் பாட்டு. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சத்தம் குறையவே இல்லை. "இது பெரிய ஹோட்டல் லிஃப்ட்டுல போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவது பாட்டுக்குப் பாதி பஸ் அமைதி. "வார்த்த நல்லாத்தான் இருக்கு. மேளம்தான் வார்த்தைய அடிக்குது. பாதி மார்க்கு." அதற்குமேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "தோச நின்ன கோவத்துல மார்க்கு போடாதீங்க தம்பி" என்றேன்.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. தம்பி சட்டென்று முகம் மாறி, சிக்னல் போட்டு, இளநீர்க் கடைக்கு முன்னால் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டார்.

"என்னாச்சு?"

"இருமுது அக்கா. கியர் மாத்தாமலே இருமுது."

அந்த பஸ்ஸுக்கு ஒரு இருமல் உண்டு. இரண்டாவது கியர் விழும்போது மூன்று தரம் இருமிவிட்டுத்தான் இழுக்கும். பயணம் செய்த எல்லோருக்கும் தெரியும். தம்பி அவசரமாக என்ஜினை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டார். என்ஜின் நின்ற பிறகும் இருமல் நிற்கவில்லை. இருமிக்கொண்டே இருக்கிறது, அதோடு ஒரு தாளமும் சேர்ந்துகொண்டது.

"அங்கிள், ஆஃப் பண்ணியும் பஸ் ஓடுது!" என்று லாவண்யா கத்தினாள். பஸ்ஸே சிரித்தது.

தம்பி தலையை மெதுவாகத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார். அந்த இருமல் பாட்டிலிருந்து வருகிறது. அவருடைய பஸ்ஸின் இருமல்தான். என்றோ ஒரு நாள் லாவண்யாவை அழைக்க வந்த சாக்கில் மேகலா போனில் பிடித்துக்கொண்டு போய், அதன் மேலேயே பாட்டைக் கட்டியிருக்கிறாள். சண்டை, தட்டல், சிரிப்பு எதுவும் இல்லை இப்போது. பின் சீட்டு வரை ஒரு சத்தமும் இல்லை.

தம்பி கரி படிந்த கைகளை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி பஸ் படியில் உட்கார்ந்தார். பாட்டில் மேகலாவின் குரலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்தன.

"அக்கா, பின்னாடி பாடுறது புவனாவும் ஜெசிந்தாவும்லா!"

எனக்கு அதெல்லாம் பிரித்துக் கேட்கத் தெரியாது. மேகலாவுக்கு போன் போட்டு, அவர் காதருகே பிடித்தேன்.

"ஆமா அங்கிள், அவங்கதான். புவனாவுக்குக் குழந்தை பிறந்துருச்சு, ஜெசிந்தா சிங்கப்பூர்ல நர்ஸ் வேலைக்குப் போயிட்டா. சேர்ந்து மேடை ஏற முடியல, அவ்வளவுதான். சண்டன்னு யாரு சொன்னா?"

தம்பி என்னைப் பார்த்தார். "கிள்ளான்ல எல்லாரும்தான்" என்றேன் நான்.

"அப்ப பாஸா அங்கிள்?" என்று மேகலா கேட்டாள்.

அவர் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னைய ஏன் கேக்குற? பஸ்ஸு பாஸ் பண்ணிருச்சு" என்றார். முகத்தைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் கரி.

மறுநாள் அவருக்குத் தோசை இரண்டு பொட்டலமாகப் போனது. மேகலா அந்த வாரமே அடுத்த பாட்டை எழுத உட்கார்ந்தாள்.

இறுதிச் சடங்குக்கு மூன்று பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். புவனா குழந்தையோடு, ஜெசிந்தா முதல் பஸ் பிடித்து எல்லையைத் தாண்டி. வீட்டு வாசலில் எவ்வளவு கூட்டம்! பழைய பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள், ஆளுக்கு ஒரு கதை, ஒரே இரைச்சல். அமரர் வண்டி உள்ளே வர இடமில்லை. பஸ்ஸை நகர்த்த வள்ளி ஏறினாள். அப்பா சொல்லிக் கொடுத்துப் பெரிய லைசன்ஸ் எடுத்தவள், இனி அந்த பஸ்ஸை அவள்தான் ஓட்டப்போகிறாள். என்ஜினைப் போட்டாள். முன்னால் எடுத்து இரண்டாவது கியருக்கு மாற்றினாள். பஸ் இருமியது, மூன்று தரம்.

அவ்வளவு கூட்டத்திலும் பேச்சு நின்றது. தம்பியின் சட்டப்படி அதற்கு என்ன பெயர் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சட்டத்தைத்தான் நான் வைத்துக்கொண்டேன். கோவிலில் என் பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கும்போது, மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்களா என்று இப்போது பார்க்கிறேன். பல நேரம் பெயில்தான். மேகலாவைச் சொல்லும்போது பாஸ். ஆறுமுகம் தம்பியைச் சொல்லும்போது எப்போதும் பாஸ்.

வள்ளி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன் அம்மா. கண்ணீர் அஞ்சலி என்று குழுவில் போட்டிருக்கிறாயே, அது அடையாளக் கார்டுக்கு எடுத்த படம். டை கட்டிக்கொண்டு, யாரோ திட்டியது போல இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவரை அடையாளமே தெரியாது. அன்று இளநீர்க் கடை முன்னால், பஸ் படியில் கரிக் கையோடு அவர் உட்கார்ந்திருந்ததை நான் என் போனில் எடுத்தேன். கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது, என் விரலும் ஓரத்தில் விழுந்திருக்கிறது. பரவாயில்லை. உனக்கு அனுப்பிவிட்டேன். பழையதை எடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போடு. அதில் உன் அப்பா பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.